கடல் பார்க்கப் போன அன்று வந்த தண்ணீர்

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம் பாதி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. எங்கள் ஊர் குடவாசலுக்குக் கிழக்கே, பஸ் ரோட்டுப் பாலத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பாலத்தடியில் ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிந்து எங்கள் வீட்டுக் கொல்லை வழியாகத்தான் வயலுக்குப் போகும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் கல்குவாரி, சென்னையில் ஹோட்டல் மேஜை துடைக்கிற வேலை என்று எதிலும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. ஒரு இடத்தில் சோறு ருசிக்க ஆரம்பித்தால் கால் அரிக்கும். கடைசியில் போர்வெல் லாரியில் ஏறினேன். அது என் காலுக்கு ஒத்துப்போயிற்று. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று லாரி போய்க்கொண்டே இருக்கும். லாரிக்கு அடியிலேயே படுக்கை. பூமியைத் துளைக்கிற இரும்பு ராடு மாட்டுவதும் கழற்றுவதும் என் வேலை. பத்து வருஷத்தில் ஒரு விரல் நுனி போயிற்று, வலது தோள் தேய்ந்து போயிற்று. அங்கே மழை தொடங்கினால் போர் போடுவது நின்றுவிடும். அப்போதுதான் எனக்கு ஊர்.

எங்கள் வயலில் போர் கிடையாது. என் மனைவி குத்தகைக்கு எடுத்திருப்பது இரண்டு மா நிலம், ஒரு ஏக்கர்கூட வராது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் நாற்றங்கால், நடவு எல்லாம்.

வழக்கமாக இரண்டு மாதம் லீவு கிடைக்கும். அந்த வருஷம் லாரி ராஜஸ்தான் பக்கம் போகிறது என்று சொல்லி ஒரு வாரத்தில் திரும்பச் சொல்லிவிட்டார்கள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. மகன் என்னை செல்போனில்தான் அதிகம் பார்த்திருக்கிறான். நான் போய் இறங்கிய அன்று அம்மாவின் பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தான். பிறகு பக்கத்து வீட்டில் போய், "எங்க போன் அப்பா வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் வேறு மாதிரி. தட்டு வைப்பாள், தண்ணீர் கொண்டுவருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். வந்த விருந்தாளிக்கு ஒரு பிள்ளை அப்படித்தான் செய்யும்.

செவ்வாய்க்கிழமை ரயில். அதற்குள் ஒரு நாளாவது இந்தப் பிள்ளைகளுக்கு நான் அப்பாவாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. வேறு ஒன்றும் தெரியாததால் வேளாங்கண்ணிக்குப் போகலாம் என்றேன். எப்போதோ மகள் போனில், "கடல் பாக்கணும்ப்பா, கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டிருந்தாள். நான் "அடுத்த லீவுக்கு" என்று சொல்லியிருந்தேன். லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதைப் பல ராத்திரி நினைத்திருக்கிறேன். பிள்ளைகள் அலையில் நிற்கிற மாதிரி, நான் கையைப் பிடித்திருக்கிற மாதிரி.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கே எழுப்பிவிட்டேன். மனைவி புளிச்சோறு கட்டிக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கு வாய்க்கால்ல தண்ணி விடுறாங்களாம். நேத்து ஆட்டோல மைக் வச்சு சொல்லிட்டுப் போனாங்க."

"விடட்டும். தண்ணி எங்க போயிடப் போவுது? நாளைக்கும் வாய்க்கால்லதான் கெடக்கும்."

மகள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "நாளைக்குப் போவலாமாப்பா கடலுக்கு?" என்றாள்.

"நாளைக்கு ஸ்கூலு. சீக்கிரம் கெளம்பு."

அவள் பாதிப் பின்னலோடு கையை நிறுத்தினாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

திருவாரூரில் ஒரு பஸ், நாகப்பட்டினத்தில் ஒரு பஸ். ஞாயிறு என்பதால் ஒற்றைக்காலில் நிற்கிற கூட்டம். நாகூர் பிரிவு வருவதற்குள் மகன் வாந்தி எடுத்துவிட்டான். பாதி என் சட்டையில், பாதி மகளின் புது கவுனில். மனைவி முந்தானையால் துடைத்துத் துடைத்து அது கவுன் முழுக்கப் பரவியதுதான் மிச்சம். வேளாங்கண்ணியில் முதலில் கோயில், பிறகுதான் கடல் என்பது மனைவி போட்ட நிபந்தனை. பூசை முடிந்து, மெழுகுவர்த்தி வைக்க வரிசையில் நின்று, என் தோள்வலிக்கு என்று ஒரு சின்ன பாட்டிலில் மந்திரித்த எண்ணெய் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது மணி பன்னிரண்டு.

கடற்கரை மணல் கொள்ளிக்கட்டையாகச் சுட்டது. மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறது. அலை அன்று ஆளை இழுக்கிற மாதிரி இருந்ததால் யாரையும் உள்ளே விடவில்லை. விசில் ஊதி ஊதி எல்லோரையும் மேலே விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்கள் எல்லோரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கடலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, கடல் இன்னைக்கு லீவா?" என்றான் மகன்.

எனக்கு அது சிரிப்பாக வரவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு கயிற்றுக்கு அடியில் நுழைந்தேன். கால் மட்டும் நனைத்துவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணம். பத்து அடி போவதற்குள் காவலுக்கு நின்றவர் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார்.

"படிச்சுப் படிச்சு சொல்றோம், காது கேக்கலையா? கையில புள்ளைய வச்சிக்கிட்டு இப்படிப் பண்றீங்களே, உங்களுக்கு அறிவு வேணாமா?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் அத்தனை பேர் பார்க்க, என் பிள்ளைகள் பார்க்கச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன். அந்த நேரம் பார்த்து மகள் அம்மாவிடம் மெதுவாக, "வீட்டுக்குப் போலாம்மா. தண்ணி வந்துருக்கும்" என்று சொன்னது காதில் விழுந்தது.

எங்கிருந்தோ வந்த கோபம் அவள் மேல் போயிற்று.

"காலையிலேர்ந்து தண்ணி தண்ணின்னு. இம்மாம் பெரிய தண்ணி கண்ணு முன்னாடி கெடக்கு, உனக்கு வாய்க்கால் தண்ணிதான் பெருசாப் போச்சா? நீ கேட்டேன்னுதானே இவ்வளவு தூரம் கூட்டியாந்தேன்?"

அவள் கவுனில் இருந்த கறையைப் பார்த்துக்கொண்டே, "நான் இப்ப கேக்கலையேப்பா" என்றாள். "அது நான் ரெண்டாவது படிக்கிறப்ப கேட்டது. போன வருஷமே ஸ்கூல்லேர்ந்து தரங்கம்பாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கடல்ல எறங்கி நின்னோம்."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"போன்ல சொன்னேனே. அப்ப டவர் இல்ல, கேக்கலன்னீங்க. அப்புறம் நீங்க ஆசையா சொல்லிட்டே இருந்தீங்க, நாந்தான் சொல்ல வேணாம்னுட்டேன்" என்றாள்.

ஏழு வயதுப் பிள்ளையின் ஆசையை இரண்டு வருஷம் கழித்துக் கொண்டுவந்து ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். அவளும் எனக்காக வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது அவளுக்கு என்ன ஆசை என்று நான் கேட்கவே இல்லை. காலையில் அவளாகவே சொன்னாள். அதையும் நான் காதில் வாங்கவில்லை.

சவுக்கு நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். மணல் கலந்திருந்தது. எல்லோரும் மென்று விழுங்கினோம்.

திரும்பும் பஸ்ஸில் மனைவிதான் சொன்னாள். தண்ணீர் விடுகிற அன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பாலத்தடி மதகில் போய்க் காத்திருப்பார்களாம். காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி, தண்ணீருக்கு முன்னால் ஊர் வரைக்கும் நடந்து வருவார்களாம். போன வருஷம் மகளுக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. இந்த வருஷம் போகலாம் என்று ஒரு மாதமாகத் தோழிகளோடு பேசிவைத்திருந்தாள். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் காய்ந்த வயல், வெடித்துக் கிடந்தது. தண்ணீர் வந்திருந்தால் அந்த நடை இந்நேரம் முடிந்திருக்கும்.

பாலத்தில் இறங்கும்போது மணி நாலரை. ஊருக்குள் போகிற மினிபஸ் ஞாயிறு மதியத்துக்குமேல் வராது. நடக்க வேண்டியதுதான் என்று வாய்க்கால் கரையில் திரும்பினோம். மகள் சட்டென்று நின்றாள். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மதகுக்கு அந்தப் பக்கம் ஆற்றில் செம்மண் நிறத்தில் தண்ணீர் இடுப்பளவு நிற்கிறது. இந்தப் பக்கம் சொட்டுத் தண்ணீர் இல்லை. மதகின் மேல் ஒருவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இரும்புக் கைப்பிடியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். ஷட்டர் திறக்கிற லஸ்கர் அவர். என் வயதுதான் இருக்கும்.

"காலையிலேர்ந்து ஒரு பட்டாளமே நின்னுச்சுங்க" என்றார். "ரெண்டு மணிக்குத்தான் ஆத்துல மட்டம் ஏறுச்சு. வந்து பாத்தா இந்தக் கழுதை சுத்த மாட்டேங்குது. ஆறு மாசமா வெயில்ல கெடந்து திருகு மரை துரு ஏறிப் போச்சு. பயலுங்கள்லாம் பாத்துப் பாத்து வெறுத்துப் போய்ட்டானுங்க. மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கு, காலையில வருவாரு. இனிமே நாளைக்குத்தான்."

நாளைக்கு மகளுக்குப் பள்ளிக்கூடம். அவள் வெறும் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை அந்த ஒரு வாரத்தில் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

"நான் ஒரு தடவ பாக்கட்டுங்களா?" என்றேன்.

"வேணாங்க. ஒடஞ்சுதுன்னா எனக்கு மெமோ வந்துரும்."

"எடுத்தவொடனே முன்னாடி திருப்ப மாட்டேன். மொதல்ல பின்னாடிதான் திருப்புவேன். போர்வெல் லாரில இருக்கேங்க. எங்க ராடெல்லாம் இதைவிட மோசமா இறுகும்."

அவர் யோசித்தார். என் கையைப் பார்த்தார். நுனி போன விரலைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். தள்ளி நின்றார்.

திருகுத் தண்டில் காய்ந்த மண்ணும் துருவும் அடை கட்டியிருந்தன. ஒரு ஓட்டாஞ்சில்லால் சுரண்டி எடுத்தேன். கொஞ்சம் எண்ணெய் வேண்டும் என்றேன். அவரிடம் கிரீஸ் டப்பா இருந்தது, காலி. அவருடைய மோட்டார் சைக்கிளிலிருந்து பெட்ரோல் எடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது மனைவி பையிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இது ஆவுமா பாருங்க."

"ஏய், அது கோயில் எண்ணெய்."

"இருக்கட்டும். மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. ஊத்துங்க."

மரையைச் சுற்றி முழு பாட்டிலையும் ஊற்றினேன். கல்லால் மெல்லத் தட்டினேன். மகள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இப்ப திருப்புனா வருமா?"

"இப்ப தொடக்கூடாது. எண்ணெய் எறங்கணும். நீயும் தம்பியும் இருநூறு வரைக்கும் எண்ணுங்க."

மகனுக்கு இருபதுக்கு மேல் வராது. அவள் சொல்ல அவன் திருப்பிச் சொன்னான். இருநூறு முடிந்ததும் கைப்பிடியைப் பின்பக்கம் கால் சுற்று அழுத்தினேன். அசையவில்லை. இன்னொரு இருநூறு எண்ணச் சொன்னேன். தோள் விண்விண் என்று தெறித்தது. மூன்றாவது தடவை கிரீச் என்று ஒரு சத்தம். பின்னால் கால் சுற்று, முன்னால் அரைச் சுற்று. மறுபடி பின்னால், மறுபடி முன்னால். அவசரப்பட்டால் மரை தின்றுபோகும். வெளியூரில் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, இரண்டு ராடை உடைத்துத் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

தண்டு சுற்ற ஆரம்பித்ததும் லஸ்கர் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"இருங்க. பாப்பா, நீ வா. நீ சுத்து."

அவள் என்னைப் பார்த்தாள். கைப்பிடியின் ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். அவள் கைக்கு மேலே என் கையை வைக்கவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஏழெட்டுச் சுற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அடியில் குபுகுபு என்று சத்தம் கேட்டது. ஷட்டருக்குக் கீழே செந்தண்ணீர் பிதுங்கி, காய்ந்த வாய்க்காலில் விழுந்து, தூசியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பியது. புழுதி வாசம் மூக்கில் ஏறியது. லஸ்கர் போனை எடுத்து, "தெறந்தாச்சுங்க சார்" என்று மேலே சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் அதற்குள் செருப்பைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

"அப்பா, சீக்கிரம் எறங்குங்க. நம்ம முன்னாடி போவணும்."

"நானுமா?"

"ஆமா. தண்ணி தொடறதுக்குள்ள போய்க்கிட்டே இருக்கணும். குதிகால் நனைஞ்சா அவுட்டு. நம்ம கொல்லை வரைக்கும் நனையாம போவணும்."

இறங்கினேன். பத்து வருஷமாகத் தண்ணீரோடுதான் இருக்கிறேன். இருந்தும் அப்படித் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஒரு நாக்கு மாதிரி நீண்டு, நுரையும் சருகும் ஒரு பழைய செருப்பும் தள்ளிக்கொண்டு வரும். பள்ளம் வந்தால் நின்று அதை நிரப்பும். வெடிப்புக்குள் இறங்கிக் காணாமல் போகும். போயேபோய்விட்டது என்று நினைக்கும்போது கொப்புளம் விட்டுக்கொண்டு மேலே வரும். நண்டு வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் நண்டு வெளியே வந்து கரையேறும். மகன் ஒவ்வொரு நண்டையும், "ஓடு, தண்ணி வருது, ஓடு" என்று விரட்டிக் காப்பாற்றினான். எங்களுக்குப் பின்னால் கொக்கும் மைனாவும் ஒரு கூட்டமாகவே வந்தன. மனைவி எங்கள் எல்லோருடைய செருப்பையும் தூக்கிக்கொண்டு கரைமேல் நடந்தாள். தண்ணீர் எங்கே நின்றாலும் அவளும் நின்று குனிந்து பார்த்தாள். அவள் இரண்டு மாவுக்கு வருகிற தண்ணீர் அது.

தண்ணீர் ஒரு பெரிய பள்ளத்தில் நின்ற இடத்தில் மகளும் நானும் காத்திருந்தோம்.

"நீங்க போர் போடுற எடத்துலயும் இப்படித்தான் வருமாப்பா?" என்றாள். என் வேலையைப் பற்றி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அங்க மேல வரும். மொதல்ல வெறும் தூசி. அப்புறம் சேறு. அப்புறம் பனைமர உசரத்துக்குத் தண்ணி அடிக்கும். எல்லாரும் நனைஞ்சிருவாங்க."

"அப்ப அங்க இருக்க புள்ளைங்க முன்னாடி ஓட முடியாதுல்ல."

"முடியாது."

"பாவம்" என்றாள்.

பேசிக்கொண்டே இருந்ததில் பள்ளம் நிரம்பியதைக் கவனிக்கவில்லை. குதிகாலில் சில்லென்று பட்டது.

"அப்பா அவுட்டு" என்று அவள் கத்திய கத்தலில் கொக்குகள் எழுந்து பறந்தன. மகனும் கத்தினான். அவுட் ஆனவன் மேலே ஏறிவிட வேண்டும் என்று நான் கரைப்பக்கம் திரும்பினேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பரவால்ல, மொதல் தடவதானே. இன்னொரு சான்ஸ் தர்றேன். வாங்க."

ஊர் நெருங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சத்தம் கேட்டு அவள் தோழிகள் ஓடிவந்து குதித்தார்கள். கடைசிப் பத்து வீட்டுத் தூரம் பதினைந்து இருபது பிள்ளைகளும் நானும் வாய்க்காலுக்குள் நடந்தோம். ஒரு பையன் மகனிடம், "யாருடா இது, பெரியாளு வாய்க்காலுக்குள்ள?" என்று கேட்டான்.

"எங்க அப்பா" என்றான் மகன். "அவங்கதான் தண்ணி தெறந்தாங்க." போன் என்ற சொல்லை அன்று அவன் சேர்க்கவில்லை.

எங்கள் கொல்லையில் துணி துவைக்கிற கல் ஒன்று கிடக்கும். அதன்மேல் நாங்கள் நான்கு பேரும் ஏறி நின்றுகொண்டோம். தண்ணீர் வந்து கல்லைச் சுற்றிக்கொண்டு வயல் பக்கம் போயிற்று. மனைவி காலி பாட்டிலை அந்தத் தண்ணீரில் கழுவி என் பையில் வைத்தாள். "தோளுக்கு வாங்குனது ஷட்டருக்கு ஆச்சு. வெறும் பாட்டிலாவது கொண்டு போங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ரயில் ஏறினேன். அதன்பிறகு இந்த நான்கு வருஷத்தில் தண்ணீர் வருகிற நாளுக்கு நான் ஊரில் இருக்கும்படி அமையவில்லை. நான் வந்து சேர்வதற்குள் நாற்று நட்டு முடிந்திருக்கும். முதல் இரண்டு வருஷம் மகள் போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்து நடந்துகொண்டே சத்தத்தைக் கேட்கவைத்தாள். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. வாய்க்காலுக்குள் இறங்குவதில்லை. தம்பிதான் இறங்குகிறான். அவள் கரைமேல் நின்று போன் செய்து, "வந்துருச்சுப்பா" என்று மட்டும் சொல்கிறாள். நான் "எதுவரைக்கும்?" என்று கேட்பேன். எங்கள் கல்லை நெருங்கும்வரை போனை வைக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு இப்போது என்ன ஆசை என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். பழைய பதிலை வைத்துக்கொண்டு புறப்பட எனக்குப் பயம்.

அந்தக் காலி பாட்டில் லாரியில் என் பெட்டிக்குள் இருக்கிறது. எங்கேயோ ஒரு ஊரில் அறுநூறு அடிக்குக் கீழேயிருந்து தண்ணீர் பீறிட்டு வந்து என்னைத் தலைமுதல் கால்வரை நனைக்கிறபோதெல்லாம், "அப்பா அவுட்டு" என்று கத்துவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லையே என்றுதான் இன்றைக்கும் எனக்கு முதலில் தோன்றுகிறது.